நூலைக் கற்கும் கல்வி



தமிழில் நூல் என்னும் ஒரே சொல் நாம் படிக்கும் ஏட்டையும் குறிக்கும். நெய்யும் இழையையும் குறிக்கும். இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைப் பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் விளக்குகிறார். சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூல் நூற்கும் பெண், வாயே கை, அறிவே கதிர் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டுகிறார். நூற்பதையும் எழுதுவதையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த இனம் நம்முடையது. பணிக்காலம் முழுவதும் தமிழ்ப்பள்ளியில் ஏட்டு நூலைக் கற்பித்த என்னை, இம்முறை இழை நூலைப் பற்றி எழுதும்படி நம் ஆலயச் செயலவை பணித்திருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் கல்வி நிதிக்கு இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு மாணவியுடையது. தந்தையார் அதே தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். எஸ்.டி.பி.எம். தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் நல்ல தேர்ச்சி. தமிழ்நாட்டில் துணிநூல் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். செயலவையில் அது வாசிக்கப்பட்டதும், "தையல் படிக்கப் பல்கலைக்கழகமா?" என்றார் ஒருவர். "மருத்துவம், சட்டம், கணக்கியல் என்றால் நன்கொடையாளரிடம் சொல்லிக்கொள்ளலாம். இதை எப்படிச் சொல்வது?" என்றார் மற்றொருவர். முடிவு ஆண்டுக் கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்குள் அந்தப் படிப்பு இன்னதென்று விசாரித்து எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. விசாரித்து அறிந்தவற்றைக் கீழே தருகிறேன். படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர்கள் தாங்கள்தாம்.

பால் கறை சொல்லும் பாடம்

இந்தப் படிப்பு நமக்கு அந்நியமானதன்று. பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்த எவரும் இதன் முதல் பாடத்தை வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். வேலைக்கு உடுத்திப் போகும் துணி வேறு, கோயிலுக்கு உடுத்தும் துணி வேறு என்று நம் தாய்மார் பிரித்து வைத்திருந்தார்கள். கித்தாப் பால் பட்ட சேலையை எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் கறை போகாது. ஏன் போகாது?

ரப்பர்ப் பால் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்களின் கலவை. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். பருத்தித் துணியில் அது பட்டவுடன் இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய சந்துகளில் புகுந்துவிடுகிறது. நீர் வற்றியதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகி, ஒவ்வோர் இழையையும் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. உலர்ந்த ரப்பர் நீரில் கரையாது. ஆகவே நீரும் சோப்பும் அதை அசைக்க முடிவதில்லை. பால் உலருமுன்பே குளிர்ந்த நீரில் அலசிவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

நம் அன்னையருக்குத் தொல்லையாக இருந்த இதே குணத்தைத்தான் 1823இல் சார்லஸ் மாக்கின்டாஷ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தொழிலாக மாற்றினார். ரப்பரை நாப்தா எண்ணெயில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். மழைக்கோட்டுப் பிறந்தது. வெயிலில் அது பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. அந்தக் குறையைப் போக்கக் கந்தகம் சேர்த்துச் சூடேற்றும் முறையை 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். 1888இல் ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தபோதும், ரப்பர்க் குழாயைத் துணி கொண்டுதான் சுற்றினார்.

டயர் என்றாலே முழுவதும் ரப்பர் என்று பலரும் நினைக்கிறோம். அதன் உள்ளே துணி இருக்கிறது. காற்றின் அழுத்தத்தையும் வண்டியின் பாரத்தையும் ரப்பர் மட்டும் தாங்க முடியாது. அது ஊதி வெடித்துவிடும். நைலான், பாலியெஸ்டர், ரேயான் ஆகியவற்றில் முறுக்கிய கயிற்றிழைகளே அந்த இழுவிசையைத் தாங்குகின்றன. தொடக்கத்தில் சாதாரணக் கித்தான் துணியை வைத்தார்கள். பாவும் ஊடும் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து சூடேறி அறுந்தன. பிறகு ஊடிழையைப் பெரும்பாலும் நீக்கி, ஒரே திசையில் இழைகளை அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் ரப்பரால் பிரித்தார்கள். ஆயுள் பல மடங்கு கூடியது. நைலான் இழையில் ரப்பர் நேரடியாக ஒட்டாது. ரெசார்சினால், ஃபார்மால்டிஹைடு, லேடெக்ஸ் கலந்த கரைசலில் இழையை முக்கி எடுத்து உலர்த்திய பிறகே ஒட்டும். எந்த இழை, எத்தனை முறுக்கு, எந்தக் கரைசல் என்று முடிவு செய்பவர் துணிநூல் பொறியாளர். இதைத் தையல் என்று சொல்ல முடியுமா?

இன்னோர் எடுத்துக்காட்டும் நம் தோட்டத்திலிருந்தே கிடைக்கிறது. பால் ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றிப் பாலை உறையவைத்துத் தகடாக்கியதை மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். ரப்பர் இழைத் தொழிற்சாலையிலும் ஏறக்குறைய அதே வேலைதான். செறிவாக்கிய பாலை மெல்லிய கண்ணாடிக் குழாய்களின் வழியே அசெட்டிக் அமிலத் தொட்டிக்குள் செலுத்துகிறார்கள். அமிலம் பட்ட கணத்தில் பால் உறைந்து இழையாக நீள்கிறது. அதைக் கழுவி, உலர்த்தி, சூடேற்றிப் பதப்படுத்தினால் காலுறையின் விளிம்பிலும் காற்சட்டையின் இடுப்பிலும் வரும் இழுவை இழை கிடைக்கும். இந்த இழையை மலேசியா எவ்வளவு ஏற்றுமதி செய்தது என்றால், 1992இல் அமெரிக்கா தன் உள்நாட்டுத் தொழிலைக் காக்க அதன்மீது தனி வரியே விதித்தது. மறுபுறம், 1958இல் டூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் என்னும் செயற்கை இழை மெல்ல மெல்ல அந்தச் சந்தையில் பெரும் பங்கைப் பிடித்துக்கொண்டது. அறிவு ஓரிடத்தில் வளரும்போது மூலப்பொருள் மட்டுமே வைத்திருப்பவன் பின்தங்கிவிடுகிறான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நான்கு ஆண்டுகளில் என்ன கற்பிக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் இது நான்காண்டுப் பொறியியல் பட்டம். முதலாண்டில் மற்றப் பொறியியல் மாணவர்களைப் போலவே கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம் ஆகியவற்றைப் படிக்க வேண்டும். பிறகு ஐந்து பெரும் பிரிவுகள் வருகின்றன.

முதலாவது, இழைகளின் அறிவியல். எந்த இழை எவ்வளவு ஈரம் உறிஞ்சும், எவ்வளவு இழுவை தாங்கும், எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்பதை அளந்து அறிவது. நூறு கிராம் உலர்ந்த பருத்தி, சோதனைச் சாலையின் நிலையான காற்றில் ஏறத்தாழ 8.5 கிராம் ஈரத்தை ஏற்கும். பட்டு 11 கிராம் ஏற்கும். பாலியெஸ்டர் 0.4 கிராம் மட்டுமே ஏற்கும். தைப்பூசத்தன்று வெயிலில் பாலியெஸ்டர் வேட்டி உடுத்தியவர் புழுங்கித் தவிப்பதும், பருத்தி உடுத்தியவர் சற்று ஆறுதலாக நடப்பதும் இந்தக் கணக்கினால்தான்.

இதில் நம் உயிரோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் இருக்கிறது. பருத்தி தீயில் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் ஏறத்தாழ 260 பாகைச் சூட்டில் உருகி, தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியில் ஆபத்து இன்னும் கூடும். பருத்தி திரியைப்போல் நின்று உருகிய பாலியெஸ்டரைப் பிடித்து எரிக்கும். கர்ப்பூரத் தட்டும் நெய்விளக்கும் ஏந்தும் பெண்கள், தீமிதிக்கும் அன்பர்கள், மடைப்பள்ளியில் அடுப்பருகே நிற்போர் ஆகியோர் தூய பருத்தி உடுத்தி, தொங்கும் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது. விளக்குத் திரிக்குப் பஞ்சையே பயன்படுத்துவதற்கும் காரணம் இதுதான். பருத்தி இழைகளின் இடையேயுள்ள சந்துகள் எண்ணெயை மேலே ஏற்றுகின்றன. எண்ணெய் எரிந்து தீரும்வரை திரி நிற்கிறது. நைலானில் திரி செய்தால் அது முதலில் உருகி விழுந்துவிடும்.

இரண்டாவது, நூற்பு. பஞ்சைப் பிரித்து, சீவி, இழைகளை ஒரே திசையில் நீட்டி, மெலிதாக இழுத்து, முறுக்கி நூலாக்குவது. நூலின் நயத்தை நம்பரால் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே நூலின் நம்பர். 40ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம், அதாவது 30 கிலோமீட்டருக்கும் மேல். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனை ஏறக்குறைய எட்டிவிடும் நீளம். 100ஆம் நம்பர் நூலானால் ஒரே பவுண்டு சிரம்பானில் புறப்பட்டுக் கோலாலம்பூரையும் தாண்டிவிடும். இதில் முறுக்கு மிக முக்கியம். முறுக்கு ஏற ஏற நூல் வலுவடையும். ஓர் எல்லைக்குப் பிறகு இழைகள் மிகவும் சாய்ந்துவிடுவதால் வலு குறையத் தொடங்கும். அந்த எல்லை எங்கே என்பதைக் கணக்கிட்டுக் காண்பது பொறியாளரின் வேலை.

மூன்றாவது, நெசவும் பின்னலும். பாவிழைக்குக் கஞ்சி போடுவது ஏன், தறியின் எந்த அசைவு எந்த வடிவத்தைத் தரும் என்பவை இதில் வரும். நாடா ஓடிய பழைய தறியின் இடத்தில், காற்றைப் பீய்ச்சி ஊடிழையைச் செலுத்தும் தறிகள் வந்துவிட்டன. நிமிடத்திற்கு ஆயிரம் முறை வரை இழை பாய்கிறது. இயந்திரவியலும் மின்னணுவியலும் தெரியாமல் அதன் அருகே நிற்க முடியாது.

நான்காவது, வெளுத்தலும் சாயமிடுதலும். இது முழுக்க வேதியியல். பருத்திக்கு ஏற்ற சாயம் பாலியெஸ்டரில் ஏறாது. பாலியெஸ்டருக்கு ஏற்ற சாயம் பருத்தியில் தங்காது. ஐந்தாவது, சோதனையும் தரக்கட்டுப்பாடும். இவற்றோடு தொழில்நுட்பத் துணிகள் என்ற ஒரு பாடமும் இப்போது முக்கியமாகிவிட்டது. 2020இல் கொரோனா பரவியபோது நாம் அணிந்த முகக்கவசத்தை நினைத்துப் பாருங்கள். அதன் நடு அடுக்கு நெய்யப்பட்டதன்று. பாலிபுரோப்பிலினை உருக்கி, சூடான காற்றால் ஊதி, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய இழைகளாக்கிப் படியவைத்த தாள். அதில் ஏற்றப்பட்ட மின்னூட்டம் நுண்துகள்களை ஈர்த்துப் பிடிக்கிறது. அந்த ஆண்டில் உலகமே அந்தத் தாளுக்காகத் தவித்தது. சதுப்பு நிலத்தில் சாலை போடும்போது மண்ணுக்கு அடியில் விரிக்கும் துணியும், அறுவைச் சிகிச்சையில் தையலிடும் நூலும் இதே படிப்பின் பிள்ளைகள்தாம்.

மலாயா ரப்பரும் கிண்டிக் கல்லூரியும்

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புப் பல்கலைக்கழக நிலையில் வேரூன்றிய வரலாறு, தருமச் சிந்தையுள்ள நம் நன்கொடையாளர்கள் அறிய வேண்டியது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1909இல் பிறந்தவர் டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார். இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். கொச்சியில் துணி ஆலை நடத்தினார். அவருடைய தொழில்களுள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும் ஒன்று. நாட்டிற்குத் தொழிற்கல்வி வேண்டும் என்று கருதி, சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அவர் 5 லட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் துணைவேந்தராக இருந்த காலம் அது. அந்த நன்கொடையைக் கொண்டு 1944இல் கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. தொடக்கத்தில் அங்கே கற்பிக்கப்பட்ட துறைகள் வேதிப் பொறியியல், துணிநூல் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் என்னும் மூன்று. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது கல்லூரி அதன் அங்கமாயிற்று.

அந்த 5 லட்சத்தில் நம் முன்னோர் வெட்டிய பாலின் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்கிட முடியாது. அறவே இல்லை என்று சொல்லவும் முடியாது. மலாயாவில் மரம் வெட்டிய கைகளின் உழைப்பும் சேர்ந்த செல்வம், சென்னையில் ஒரு கல்விக்கூடமாக எழுந்தது. அந்தக் கல்விக்கு இன்று நெகிரி செம்பிலானிலிருந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை போக விரும்புகிறாள். இதை எண்ணும்போது என் மனம் நெகிழ்கிறது. அழகப்பர் 1957 ஏப்ரலில், 48 வயதுகூட நிரம்பாமல் மறைந்தார். அவர் பெயரால் படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறார்கள்.

கோயம்புத்தூரும் இத்துறையில் பெயர் பெற்ற ஊர். அங்கே 1951இல் தொடங்கிய பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியும், 1984இல் தொடங்கிய குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரியும் இந்தப் பாடத்தைக் கற்பித்து வருபவை. ஆலைகளுக்கு ஆராய்ச்சி உதவி செய்யும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா 1956இல் அவ்வூரில் அமைந்தது. கைத்தறிக்கென்றே சேலத்தில் ஒரு தனிக் கல்விக்கூடம் உண்டு. ஊரைச் சுற்றி ஆலைகள் இருப்பதால் மாணவர்கள் வகுப்பில் கேட்டதை ஆலையில் கண்ணால் பார்க்க முடிகிறது. பள்ளியில் பல்லாண்டு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். கல்விக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை இருக்கிறது. இங்கிலாந்தில் லீட்ஸ், மான்செஸ்டர் நகரங்கள் இக்கல்விக்கு மிகப் பழைய இருப்பிடங்கள்.

படித்து வந்தால் இங்கே வேலை உண்டா?

இது பெற்றோரின் நியாயமான கேள்வி. ஜப்பானின் டோரே குழுமம் 1970களிலேயே பினாங்கில் நூற்பு, நெசவு ஆலைகளைத் தொடங்கியது. நம் வாசலிலேயே, நீலாயிலும் பக்கத்து மலாக்காவிலும் இருந்த ஹுவாலோன் பாலியெஸ்டர் ஆலைகளை 2007இல் இந்தியாவின் ரிலையன்ஸ் நிறுவனம் வாங்கி, ரெக்ரோன் மலேசியா என்ற பெயரில் நடத்தலாயிற்று. ஜொகூரின் பத்து பகாட் வட்டாரம் பின்னலாடைக்குப் பெயர் பெற்றது. கையுறைத் தொழிலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தொழிற்சாலைப் பணிக்கான பல கையுறைகளின் உள்ளே பின்னிய துணியும் வெளியே ரப்பர்ப் பூச்சும் இருக்கும்.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தொழிலில் ஆலைகள் கூலி குறைந்த நாடுகளைத் தேடிப் போகும் வழக்கம் உண்டு. இன்றிருக்கும் ஆலை நாளையும் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே துணி ஆலையை மட்டும் நம்பி இதைப் படிக்கலாகாது. பாலிமர், வேதிமுறை, இயந்திரம், தரக்கட்டுப்பாடு ஆகிய நான்கையும் சேர்த்துக் கற்பவர் டயர், கையுறை, வடிகட்டி, மருத்துவப் பொருள் எனப் பல வாசல்களைத் தட்ட முடியும். வெளியூர் போக வசதியில்லாத பிள்ளைகள் நம் நாட்டிலேயே இதற்கு நெருங்கிய பாடத்தைப் படிக்கலாம். நிபோங் திபாலில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் பாலிமர் பொறியியலுக்குப் பெயர் பெற்றது.

ஆறு கெட்ட கதை

இந்தத் தொழிலுக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி பெருகியபோது சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்திற்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. உப்பேறிய நீரால் உழவர்களின் நிலமும் கிணறும் கெட்டன. வழக்கு நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகே வேலை திரும்பத் தொடங்கியது. சவ்வின் வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிப்பதும், எஞ்சியதைக் காய்ச்சி ஆவியாக்குவதும் அந்த முறையின் பகுதிகள்.

ஒரு சட்டையின் நிறத்திற்காக ஓர் ஆறு கெட்டது என்பதைக் கேட்டுவிட்டு, இந்தப் படிப்பே வேண்டாம் என்பார் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. ஆற்றைக் கெடுத்ததும் சாய வேதியியல். அதைக் காக்க வழி கண்டதும் அதே வேதியியலும் பொறியியலும். அந்த இடத்தில் பொறுப்புள்ள பிள்ளைகள் போய் அமர வேண்டும். கோயிலில் வளர்ந்த பிள்ளை நீரின் அருமையை அறிந்தே வளர்ந்திருக்கும்.

பெற்றோர் கவனத்திற்குச் சில செய்திகள்

முதலாவது, எஸ்.பி.எம். முடித்தவுடன் தமிழ்நாட்டில் பொறியியல் பட்டத்தில் நேரடியாகச் சேர இயலாது. அங்கே பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக்கல்வி வேண்டும். எஸ்.டி.பி.எம். அல்லது அதற்கு இணையான தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இருக்க வேண்டும். எனவே நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும். அறிவியல் கடினம் என்று சொல்லிப் பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றும்போது, பின்னாளில் எத்தனை கதவுகள் அடைபடுகின்றன என்பதைப் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அங்கீகாரம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009இலும் இந்தியா 2014இலும் முழு உறுப்பினராயின. இதனால் இந்தியப் பட்டங்கள் எல்லாமே இங்கே செல்லும் என்று பொருளாகாது. குறிப்பிட்ட கல்லூரியின் குறிப்பிட்ட பாடம், குறிப்பிட்ட ஆண்டில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.விடமும், பொறியியலாளர் வாரியத்திடமும் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கட்டணம் செலுத்துங்கள். முகவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். தோட்டத்துக் குடும்பங்கள் சேமநிதிப் பணத்தையும் நகையையும் வைத்து ஏமாந்த கதைகளை என் ஆசிரியப் பணிக்காலத்தில் ஒன்றுக்கு மேல் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது, பணம். பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்கானது. இந்தியாவில் படிக்க விரும்புவோர் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்கு வழங்கும் உபகாரச் சம்பளத்திற்கு இந்தியத் தூதரகம் வழியாக விசாரிக்கலாம். அது எல்லாருக்கும் கிடைத்துவிடாது. கல்லூரிக் கட்டணம், விடுதி, உணவு, போக்குவரத்து ஆகிய நான்குக்கும் நான்காண்டுக் கணக்கையும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். பாதியில் நின்ற படிப்புக்கு மதிப்பு இல்லை. நம் கல்வி நிதியும் முதலாண்டுக்கு மட்டும் உதவிவிட்டுக் கையை விரிக்கக் கூடாது என்பது என் கருத்து. ஐந்து பேருக்குச் சிறு தொகை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஒருவரைக் கரை சேர்ப்பது மேல்.

நன்கொடையாளர்களின் முன்

நிதி உதவி என்றாலே பெருஞ்செல்வர் தருவது என்று எண்ண வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வீடிழந்து நின்ற காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய வெள்ளியைக் கொண்டுதான் அச்சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. ஓர் இழையைக் குழந்தைகூட அறுத்துவிடும். பல இழைகளைச் சேர்த்து அளவாக முறுக்கினால் தேர் வடமாகும். நம் கல்வி நிதியும் அத்தகையதே.

செயலவை எனக்கிட்ட பணி விசாரித்துச் சொல்வது மட்டுமே. ஆயினும் கேட்டால் என் கருத்தைச் சொல்லத் தயங்கமாட்டேன். அந்த மாணவி கேட்டிருக்கும் படிப்பு ஒரு முழுமையான பொறியியல் கல்வி. அதற்கு வேண்டிய தேர்ச்சி அவரிடம் இருக்கிறது. அங்கீகாரக் கடிதம் கைக்கு வந்தபின் நான்காண்டுக்கும் சேர்த்து உதவி வழங்கலாம் என்பதே என் பரிந்துரை. படிப்பு முடிந்து வேலையில் அமர்ந்ததும், அடுத்து வரும் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அவர் தம்மால் இயன்றதைத் தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். அதற்குப் பத்திரம் எழுதி வாங்க வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.

ஆண்டுக் கூட்டத்தில் இந்த விண்ணப்பம் வாசிக்கப்படும்போது அன்பர்கள் அனைவரும் வந்திருந்து, கேட்க வேண்டியவற்றைக் கேட்டு, நல்லதொரு முடிவைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கட்டுரையை அவர்களிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பிறகு ஆலய மண்டபத்தில் என்னைக் காணலாம்.

அனைவருக்கும் இறையருள் துணை நிற்பதாக.